பால்ஸ் ரீனர் நன்றாகத் தூங்கியதாகத் தீர்மானம்

எங்கள் மாகாணத்தில் கை தூக்காமல் ஒரு காரியமும் நடக்காது. மே மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை சதுக்கத்தில் கூடி நிற்போம். வரியை ஏற்றலாமா? தூக்கு. பேருந்து மேல் பள்ளத்தாக்குவரை போகலாமா? தூக்கு. கைகளை யாரும் எண்ண மாட்டார்கள். எண்ணுவது சந்தேகப்படுவதற்குச் சமம் என்பது எங்கள் முன்னோர் எண்ணம். தலைவர் மேடையில் வாளை ஊன்றியபடி ஒரு நோட்டம் விடுவார். "பெரும்பான்மை இந்தப் பக்கம்" என்பார். அத்தோடு முடிந்தது. மழையில் தொப்பலாக நனைந்துகொண்டு நானும் வருஷா வருஷம் தூக்கியிருக்கிறேன். அதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

அந்த வழக்கத்தை மருத்துவமனைக்குள் இழுத்து வந்தார்களே, அதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் பெயர் மெல்க் எல்மர். கசாப்புக்கடை வைத்திருக்கிறேன். நின்று நின்றே முழங்கால் தேய்ந்து, பள்ளத்தாக்கு மருத்துவமனையின் எலும்பு வார்டில் அறுவை முடிந்து படுத்திருந்தேன். அப்போதுதான் பக்கத்துக் கட்டிலுக்குப் பால்ஸ் ரீனர் வந்து சேர்ந்தான். மலை உச்சிக்கு ஏறும் ரோப் காரை ஓட்டுகிறவன். "பனியில் வழுக்கும், கவனம்" என்று பலகை எழுதி நட்டுவிட்டுத் திரும்பும்போது, அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே வழுக்கி விழுந்து வலது தோளின் தசைநாரைக் கிழித்துக்கொண்டவன். இலையுதிர் காலத்திலிருந்து அவனால் படுக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் கண்ணை மூடுவானாம். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தது.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும் மெல்க்" என்றான், கட்டிலில் உட்கார்ந்த உடனேயே. "மல்லாக்கப் படுக்கணும். காலைல முழிக்கணும். நடுவுல என்ன நடந்துச்சுன்னே எனக்குத் தெரியக் கூடாது."

"பெரிய ஆசைதான்."

"என் மச்சான் இருக்கான்ல, அவனுக்கு நரம்புல ஊசி போட்டே மயக்கம் கொடுத்தாங்களாம். அன்னைக்கு ராத்திரி என்னமாத் தூங்கினேன்கிறான்! மூக்குல கேஸ் பிடிச்சு மயக்கினா குமட்டிக்கிட்டுக் கெடப்பியாம். அதான் டாக்டரம்மாகிட்ட ஊசியே போதும்னு சொல்லிட்டேன். 'உங்க விருப்பத்தைக் கேட்டுக்கிட்டேன், பேரவையில வைக்கிறேன்'னாங்க. பேரவைன்னா என்னப்பா?"

எனக்குப் பாவமாக இருந்தது. சொல்வதற்கு முன் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன்.

கதை இதுதான். முன்பொரு நாள், கேஸ் பிடித்து அறுவை செய்துகொண்ட ஒரு நோயாளி விடிய விடிய உளறியிருக்கிறார். அறையில் இருந்த மற்றவர்கள் தூக்கம் கெட்டுப் புகார் சொன்னார்கள். வேறு மருத்துவமனையாக இருந்தால் காதில் வைக்கப் பஞ்சு கொடுத்திருப்பார்கள். எங்கள் தலைமை மயக்க மருத்துவர் டாக்டர் ரெகுலா ஸ்டூசி ஆணையம் அமைத்தார். ஆணையம் ஆராய்ந்து ஒரு பேருண்மையைக் கண்டுபிடித்தது: மயக்கம் ஒருவருடையது, தூக்கமோ எல்லோருடையது. ஆகவே ஒரு நோயாளிக்கு எந்த மயக்க மருந்து என்பதை வார்டே கூடித் தீர்மானிக்க வேண்டும். இந்த வாசகத்தை லிஃப்டுக்கு மேலே பித்தளையில் பொறித்து வைத்திருக்கிறார்கள். அதைத் தினமும் துடைப்பதற்கு ஆள் உண்டு.

மறுநாள் காலை உடற்பயிற்சிக் கூடத்தில் பேரவை கூடியது. சக்கர நாற்காலி, ஊன்றுகோல், கட்டிலோடு தள்ளிக்கொண்டு வரப்பட்டவர்கள் என்று கூடம் நிறைந்திருந்தது. மேல் பள்ளத்தாக்குக்காரர்கள் வழக்கம்போல வலப்பக்கம், கீழ்ப் பள்ளத்தாக்குக்காரர்கள் இடப்பக்கம். மருத்துவமனைக்குள் வாள் கூடாதாம். அதனால் டாக்டர் ஸ்டூசி டிரிப்ஸ் ஸ்டாண்டை ஊன்றிக்கொண்டு நின்றார். வெறும் ஸ்டாண்டாக இருந்தால் கௌரவக் குறைச்சல் என்று காலி பாட்டில் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்.

"பெருமதிப்புக்குரிய, அன்பான சக நோயாளிகளே!" என்று ஆரம்பித்தார். அவருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மரபு அப்படி. "எத்தனையோ வருஷமா நான் ஆளுங்களை மயக்கத்துல ஆழ்த்துறேன். ஆனா ஒருத்தர்கூடத் தூங்கி நான் பார்த்ததில்ல. அவங்க கண்ணைத் திறந்ததும் என் வேலை முடிஞ்சுது, நான் வீட்டுக்குப் போயிடுவேன். அதனாலதான் தூக்கத்தைப் பத்தி எந்தப் பாரபட்சமும் இல்லாம என்னால பேச முடியுது."

கைதட்டினார்கள். தட்டக்கூடிய நிலையில் இருந்தவர்கள் தட்டினார்கள்.

பால்ஸ் எழுந்து நின்றான். "எனக்கு ஊசி போதுங்க. அவ்வளவுதான்."

"நன்றி. இந்த விஷயத்துல உங்களுக்குச் சொந்த ஆதாயம் இருக்கா?"

"என்னோட தோள்தானே டாக்டர்!"

"அப்படின்னா நீங்க வெளிய போகணும். சம்பந்தப்பட்டவர் இருக்கும்போது அவர் விஷயத்தைப் பேசக் கூடாது. ஊர்ச் சபையிலயும் இதானே வழக்கம்?"

அது உண்மைதான். வீட்டுக்குப் பக்கத்தில் சாக்கடை வெட்டும் விஷயம் வந்தாலே எழுந்து வெளியே போய்விடுவோம். பால்ஸுக்கும் அது தெரியும். ஆகையால் அவன் மறுபேச்சுப் பேசாமல் கூடத்துக்கு வெளியே போய்க் கதவுக் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்திய பையனைப் போல இருந்தான்.

ஊசிக்கு எத்தனை பேர் என்றார் டாக்டர் ஸ்டூசி. கைகள் எழுந்தன. கேஸுக்கு எத்தனை பேர் என்றார். அதே அளவு எழுந்தன. தோளுக்கு மட்டும் ஊசி போட்டுக் கையை மரத்துப்போக வைப்பதற்கு எத்தனை பேர் என்றார். அதற்கும் அதே அளவு. இதில் ஹோஸ்லி என்று ஒருவர் எல்லாவற்றுக்கும் கை தூக்கியிருந்தார். பாவம், அவர் தூக்கவில்லை. கையை மேலே நிறுத்தி வைத்தே மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள்.

"நான் கேஸுக்கு எதிர்ப்பு டாக்டர்!" என்று அவர் கத்தினார்.

"உங்க வாய் எதிர்க்குது, உங்க கை ஆதரிக்குது. பேரவை கையைத்தான் பார்க்கும்."

மூன்றும் சமம் என்றதும் சமரசம் வந்தது. எங்கள் ஊரில் சமரசம் வந்தால் யாரும் தப்ப முடியாது. கேஸில் ஆரம்பிப்பது, ஊசியில் தொடர்வது, தோளையும் மரக்க வைப்பது என்று ஆயிற்று. சரி, தொலையட்டும் என்று நான் நினைத்தபோது கீழ்ப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த அக்னெஸ் லாண்டோல்ட் எழுந்தாள். கால் பெருவிரல் அறுவைக்காக வந்திருந்தவள். வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

"வலது தோளுக்கு மட்டும்தானா? இடது பக்கம் உக்காந்திருக்கிற நாங்க என்ன மனுஷங்களே இல்லையா? ரோடு போட்டாலும் அந்தப் பக்கம், பாலம் கட்டினாலும் அந்தப் பக்கம், இப்ப மரப்பு ஊசியுமா அந்தப் பக்கம்?"

"அம்மா தாயே, அது அவன் தோள்! பள்ளத்தாக்கு இல்ல!" என்றேன் நான்.

"கசாப்புக்கடைக்காரருக்கு எங்க பக்கம்னாலே எப்பவும் எளப்பம்தான்!"

இடப்பக்கம் முழுக்கக் கை எழுந்தது. வலப்பக்கத்திலும் சிலர், நியாயமானவர்கள் என்று பெயர் வாங்குவதற்காகத் தூக்கினார்கள். டாக்டர் ஸ்டூசி கண்ணால் அளந்து, நிறைவேறியது என்றார்.

பால்ஸை உள்ளே கூப்பிட்டுச் சேதி சொன்னார்கள்.

"இடது தோள்ல எனக்கு ஒண்ணுமே இல்லீங்களே!"

"அதனாலதான் அதைப் பாதுகாக்கணும். சிறுபான்மையை நாங்க கைவிட மாட்டோம்."

"வைத்தியப்படி இது சரிதானா டாக்டர்?"

"வைத்தியம் பரிந்துரை செய்யும், பேரவை முடிவெடுக்கும். நடுவுல நான் இந்த ஸ்டாண்டைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறேன், அவ்வளவுதான்" என்றார் டாக்டர் ஸ்டூசி. பொய் சொல்லத் தெரியாத பெண்மணி.

அறுவை நல்லபடியாக முடிந்தது. தைத்தவருக்கு வாக்கெடுப்பு எதுவும் வைக்கவில்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். பால்ஸைக் கொண்டுவந்து போட்டார்கள். இரண்டு கையும் துவண்டு கிடந்தன. மரப்பு மருந்து மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டே இருந்ததால் வலியே இல்லை. படுக்கவும் முடிந்தது. ஆனால் தூக்கம்? கேஸ் அவனைக் குமட்ட வைத்தது. ஊசி குமட்டலோடு சிரிப்பும் வர வைத்தது. கைகளோ அவனைப் பயமுறுத்தின.

"மெல்க்... மெல்க்கு..."

"என்னப்பா?"

"என் கட்டில்ல யாரோ படுத்திருக்காங்க."

"அது உன் கைப்பா."

"இல்லப்பா, இந்தப் பக்கமும் ஒருத்தர் இருக்கார்."

"அதுவும் உன் கைதான். பேசாமத் தூங்கு."

"கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்லேன்."

இப்படியே விடிந்தது. ஒரு பொட்டுக்கூட அவன் கண் மூடவில்லை. காலையில் பார்த்தபோது கண்ணில் நீர் கட்டியிருந்தது. சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அதற்குமேல் சிரிப்பு வரவில்லை.

எங்கள் வார்டின் கோடியில் அமைதி அறை என்று ஒன்று உண்டு. ஒரே கட்டில், தடித்த திரை, மலையைப் பார்த்த ஜன்னல். அறுவைக்குப் பிறகு தூக்கம் கெட்டவர்களுக்கு மட்டும்தான் அதைத் தருவார்கள். பால்ஸ் அதைக் கேட்டான். நர்ஸ் முடியாது என்று தலையை ஆட்டினாள்.

"நீங்க சரியாத் தூங்கலைன்னு பேரவை தீர்மானிக்கணும் சார்."

"நான்தான் சொல்றேனே, தூங்கலைன்னு!"

"தூங்கினவருக்குத் தான் தூங்கினது தெரியுமா? பக்கத்துல இருந்தவங்களுக்குத்தானே தெரியும்? அதான் டாக்டர் விதியில சம்பந்தப்பட்டவர் சாட்சி செல்லாதுன்னு எழுதியிருக்காங்க."

ஆகவே மறுபடி பேரவை. தூக்கம் எல்லோருடையது, அதில் சொந்த ஆதாயம் கிடையாது என்று இந்த முறை பால்ஸை வெளியே அனுப்பாமல் குழாயோடு சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். தீர்மானம்: பால்ஸ் ரீனர் நேற்று நன்றாகத் தூங்கினார். அக்னெஸ் சாட்சி சொன்னாள். "நான் வராந்தாவுல போனேன். உள்ள சத்தமே இல்ல. தூங்காதவன் இவ்வளவு நேரம் சும்மா இருப்பானா?"

நான் பொறுக்க மாட்டாமல் எழுந்தேன். "விடிய விடிய என்கிட்டப் பேசிக்கிட்டே இருந்தான் டாக்டர்!"

"தூக்கத்துல பேசியிருப்பார்."

"பதில் சொன்னானே!"

"அப்ப நல்ல ஆழ்ந்த தூக்கம்."

ஆதரிப்பவர்கள் தூக்கினார்கள். எதிர்ப்பவர்கள் யார் என்றார். நான் அவசரத்தில் ஊன்றுகோலோடு கையைத் தூக்கிவிட்டேன். ஊன்றுகோலுக்கு வாக்குரிமை இல்லை என்றார். ஊன்றுகோலைப் போட்டுவிட்டுத் தூக்கினேன், கீழே விழுந்தேன். விழுந்தவன் கை தரைமட்டத்தில் இருக்கிறதே தவிர மேலே எழவில்லை என்று விளக்கம் சொன்னார்.

"நான் எதிர்க்கிறேன்!" என்று அலறினான் பால்ஸ்.

"எதிர்க்கலாமே. தாராளமாக் கையைத் தூக்குங்க."

பால்ஸ் பல்லைக் கடித்தான். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. மடியில் கிடந்த கைகளில் ஒரு விரல்கூட அசையவில்லை.

"தூக்க முடியலீங்களே!"

"அப்படின்னா அது உங்க கருத்து. வாக்கு இல்ல. எதிர்ப்பு யாருமில்ல. முதல் சுற்றுல ஏகமனது." டாக்டர் ஸ்டூசிக்கு முகம் மலர்ந்தது. "இறுதிச் சுற்றுக்கு முன்னால, விதிப்படி, விளக்கவுரை."

பால்ஸ் தலையைக் குனிந்துகொண்டான். அவன் கன்னத்தில் நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளக் கை இல்லாத மனிதன் அழுவதைப் பார்ப்பது கொடுமை. நான் என் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

விளக்கவுரை ஆரம்பித்தது. பேரவை தோன்றிய வரலாறு. தோன்றுவதற்கு முன் இருந்த நிலை. அந்த நிலை தோன்றிய வரலாறு. கேஸ், ஊசி, மரப்பு மூன்றின் நிறைகுறை, ஆணையத்தின் கருத்து, ஆணையத்தில் மாறுபட்டவரின் கருத்து, அவர் பிறகு மனம் மாறியதன் காரணம். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. தூறல் போல நின்றுவிடாமல் பெய்துகொண்டே இருந்தது.

பக்கத்தில் மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பால்ஸ் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். நிஜத் தூக்கம். முகத்தில் இருந்த அத்தனை சுருக்கமும் இறங்கிப் போயிருந்தது.

அந்த நேரம் பார்த்து டாக்டர் ஸ்டூசி உரையை முடித்துவிட்டு, இறுதிச் சுற்றை அறிவிக்கும் மாட்டுமணியை எடுத்தார். கோடையில் மலையேறும் மூத்த பசுவின் கழுத்தில் கட்டுகிற மணி அது. அடித்தால் அடுத்த பள்ளத்தாக்கு எழுந்துகொள்ளும்.

யாராவது திருத்தம் கொண்டுவந்தால் மணி அடிக்கக் கூடாது என்பது விதி. அது எனக்கு எப்படி ஞாபகம் வந்தது என்றே தெரியவில்லை.

"எனக்கு ஒரு திருத்தம்!" என்றேன், ரகசியம் பேசும் குரலில். வாழ்நாளில் நான் எந்தப் பேரவையிலும் திருத்தம் கொண்டுவந்தவன் இல்லை.

"சொல்லுங்க எல்மர்."

"தீர்மானத்துல 'நன்றாக'ன்னு இருக்கு. அதை... 'மிக நன்றாக'ன்னு மாத்தணும்."

கூடம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. கொஞ்ச நேரம் முன்புதான் எதிர்த்து விழுந்தவன்! நான் கண்ணால் பால்ஸைக் காட்டினேன். பார்த்தார்கள். ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். டாக்டர் ஸ்டூசி மட்டும் பார்க்கவில்லை. அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். 'மிக' என்ற சொல்லின் பொருள் குறித்து நீண்ட பதில் சொன்னார். முடித்துவிட்டு மணியைத் தொட்டார்.

"நானும் ஒரு திருத்தம் சொல்றேன் டாக்டர்."

அக்னெஸ்! போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவளோ பால்ஸையே பார்த்தபடி, அவள் வாயிலிருந்து நான் கேட்டறியாத மெல்லிய குரலில் சொன்னாள்: "'மிக' கூடாது. 'ஓரளவு'ன்னு இருக்கணும். கீழ்ப் பள்ளத்தாக்கு சார்பாக் கேட்டுக்கிறேன்."

"ஓரளவுன்னா எந்த அளவு?" என்று ஹோஸ்லி கிசுகிசுத்தார்.

"அதுக்கு நான் ஒரு துணைத் திருத்தம் வச்சிருக்கேன்" என்றது பின்வரிசைக் கட்டில் ஒன்று.

டாக்டர் ஸ்டூசி பூரித்துப்போனார். அவர் வாழ்க்கையில் இப்படி ஒரு பேரவையைக் கண்டதில்லை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் முழுப் பதில் சொன்னார். நாங்கள் கிசுகிசுத்ததால் அவரும் தன்னை அறியாமல் கிசுகிசுத்தார். நான் மறுபடி எழுந்து, தூக்கத்துக்கும், என் கடையில் குடலில் அடைத்து விற்கும் கன்று இறைச்சித் தொத்திறைச்சிக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பேசினேன். அதில் ரொட்டி சேர்க்கலாமா கூடாதா என்று ஒரு கிளைவிவாதம் கிளம்பியது. எங்கள் ஊரில் அது அடிதடியில் முடிகிற விஷயம். அதைக்கூட அன்றைக்குக் காதோடு காதாகவே சண்டை போட்டோம். மதியச் சூப் ஆறிப்போயிற்று. யாரும் வாய் திறந்து கேட்கவில்லை.

வெயில் இறங்கும் நேரத்தில் பால்ஸ் தானாகக் கண் விழித்தான்.

"விடிஞ்சிருச்சா?" என்றான். குரல் புதுசாக இருந்தது.

மணி அடிக்கப்பட்டது. இறுதிச் சுற்றில் டாக்டர் ஸ்டூசி அவனைப் பார்த்து, "மரபை மீறி உங்களையே கேட்கிறேன். நல்லாத் தூங்கினீங்களா?" என்றார்.

"ரொம்ப நல்லாத் தூங்கினேன் டாக்டர்" என்றான் அந்த மடையன், முகமெல்லாம் சிரிப்பாக.

"பார்த்தீங்களா! காலையில பேரவை தீர்மானிச்சுது. சாயந்தரத்துக்குள்ள அது உண்மையாயிடுச்சு. ஜனநாயகத்துல கொஞ்சம் பொறுமை வேணும், அவ்வளவுதான்."

கேஸ், ஊசி, இரண்டு தோளுக்கும் மரப்பு என்ற கலவைதான் அறுவைக்குப் பிந்தைய தூக்கத்துக்கு உகந்தது என்று ஆராய்ச்சி முடிவும் வெளியிட்டார்கள். அடுத்த வாரம் அக்னெஸின் கால் பெருவிரலில் அறுவை செய்தபோது அவளுக்கு இரண்டு கையையும் மரக்க வைத்தார்கள். அவள் விட்ட வசவு மேல் பள்ளத்தாக்குவரை கேட்டது.

அமைதி அறை கிடைக்காமலே பால்ஸ் வீடு திரும்பினான். மரப்பு மருந்து தீர்ந்ததும் வலி வந்தது. பழையபடி நாற்காலி, பழையபடி சிவந்த கண். ஒருமுறை வார்டில் படுத்தெழுந்தவர்களுக்கு ஒரு வருஷம் பேரவையில் வாக்குரிமை உண்டு. அடுத்த பேரவைக்குப் பால்ஸ் தலையணையோடு வந்து நின்றான். அதற்கடுத்ததற்கு, இடுப்பு மாற்றிக்கொண்ட ரொட்டிக்கடைக்காரரும் தலையணையோடு வந்தார். அப்புறம் பழைய நோயாளிகள் ஒவ்வொருவராக வந்தார்கள். கூடம் கொள்ளவில்லை. சிலர் போர்வையும் கொண்டுவந்தார்கள்.

போன மாதம் நானும் போனேன். பால்ஸ் எனக்குப் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தான். டாக்டர் ஸ்டூசி உரையாற்றினார். கண் கலங்கியிருந்தது.

"மக்கள் பங்கேற்பு கொறஞ்சுக்கிட்டே வருதுன்னு நாடு முழுக்கக் கவலைப்படுறாங்க. இங்க வந்து பார்க்கட்டும்! எவ்வளவு கூட்டம், எவ்வளவு அமைதி! குறுக்கே ஒருத்தர் பேசுறதில்ல." பிறகு அன்றைய தீர்மானத்தைப் படித்தார். இனி எந்த உறுப்பில் அறுவையானாலும், யாராக இருந்தாலும், இரண்டு கையையும் மரக்க வைத்தே தீர வேண்டும். ஆதரிப்போர் கை தூக்கலாம் என்றார். ஹோஸ்லியின் மாவுக்கட்டை இன்னும் பிரிக்கவில்லை. மேலே நின்ற ஒரே கை அதுதான். நிறைவேறியது என்றார். எதிர்ப்போர் உண்டா என்றார்.

அடுத்த மாதம் எனக்கு இன்னொரு முழங்காலில் அறுவை. கூடத்தில் விழித்திருந்த எதிர்ப்பாளன் நான் ஒருவன்தான். ஊன்றுகோல்கூட இல்லை. கையைத் தூக்கப் போனேன்.

என் வலது தோளில் தலை சாய்த்துப் பால்ஸ் தூங்கிக்கொண்டிருந்தான். எச்சில் என் சட்டையில் வழிந்திருந்தது. எந்தக் கையைத் தூக்கினாலும் தோள் அசையும், விழித்துவிடுவான்.

"எதிர்ப்பு யாரும் இல்லையே?" என்றார் டாக்டர் ஸ்டூசி, என்னையே பார்த்து.

நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.